பிலோமினா என்கிற ராணி

எனக்கு இரண்டு பெயர். கோயில் புத்தகத்தில் மரிய பிலோமினா. வீட்டிலும் தெருவிலும் தையல் கம்பெனியிலும் ராணி. எங்கள் ஆட்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் ஒன்று இருக்கும், வாய்க்கு வருகிற பெயர் ஒன்று இருக்கும். கோயில் பெயர் ஆயுசில் மூன்று தடவைதான் வெளியே வரும்: தலையில் தண்ணீர் ஊற்றும்போது, தாலி கட்டும்போது, குழியில் இறக்கும்போது. இந்த இரண்டு பெயரால் என் பிள்ளையை விட்டு ஐந்து வாரம் கூடுதலாகக் கிடந்தேன். காசநோய் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். கட்டிலில் கிடந்தவள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. வெள்ளானூரில் ஒரு அறை வாடகை வீடு. என் வீட்டுக்காரர் சூசைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை. நிரந்தர ஆட்களுக்குக் கம்பெனி ஒரு கார்டு கொடுக்கும். அதைக் காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. சூசை காண்ட்ராக்டர் பட்டியலில் இருந்த ஆள். அவர் பக்கத்து மெஷினில் நின்றவருக்குக் கார்டு இருந்தது, இவருக்கு இல்லை. ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அவர்களுடைய ஆஸ்பத்திரி. எங்களைப் போன்றவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி, அதாவது வரிசை.

விமலா பிறந்து இரண்டு மாசத்தில் எனக்கு இருமல் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் "பெத்த உடம்பு, சளி தங்கியிருக்கு" என்று ஊசியும் ரோஸ் கலர் டானிக்கும் கொடுத்தார்கள். சாயங்காலமானால் காய்ச்சல் வரும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து சோறு பொங்குவேன். என் ஜாக்கெட்டை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவளுக்குத் தன் உடம்பு போவது மட்டும் புத்தியில் ஏறவில்லை. ஒரு நாள் குழாயடியில் துப்பியபோது ரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆட்கள் குறைவு, அவ்வளவுதான்.

ஏழு மணிக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்க வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். சூசை போய் நின்று, "ராணி, வயசு இருபத்திமூணு" என்று எழுதி வாங்கி வந்தார். முதல் நாள் டாக்டரைப் பார்க்கவே மத்தியானம் ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கப் போனால் ஃபிலிம் தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமை வா என்றார்கள். வியாழக்கிழமை போனால் மெஷின் ரிப்பேர். ஒவ்வொரு நடைக்கும் சூசைக்கு ஒரு நாள் வேலை போச்சு. மூன்றாம் தடவை எடுத்தார்கள். சளியும் கொடுக்கச் சொன்னார்கள்.

பார்த்தவர் இளவயசு லேடி டாக்டர். எக்ஸ்ரேயை மாட்டிப் பார்க்கிற லைட்டு எரியவில்லை. அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதோ பாருங்க, இந்த வெள்ளைத் திட்டு, நடுவுல ஓட்டை. நுரையீரல்ல புண்ணு. டி.பி. சளியிலயும் கிருமி இருக்கு. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா குணமாயிடும், பயப்படாதீங்க. கைக்குழந்தை இருக்கா?"

"அஞ்சு மாசம், டாக்டர்."

"பால் குடுக்கறீங்களா?"

"ஆமா."

"இன்னையோட நிறுத்திடுங்க. கிட்டயே சேர்க்கக் கூடாது. சளியில கிருமி போற வரைக்கும் இங்கயே படுக்கணும், ரெண்டு மாசம் ஆகும். இன்னைக்கு ஒரு பெட் காலி. போயிட்டு நாளைக்கு வரேன்னா அது இருக்காது."

பிள்ளை வெளியே சூசை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் வாய் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்காது என்று நினைத்தேன். சூசை அவளை அப்படியே திருமழிசையில் இருக்கும் தன் அக்கா எலிசா வீட்டுக்குக் கொண்டுபோனார். எலிசாவுக்கும் கைப்பிள்ளை ஒன்று, ஒரு வயசுப் பையன், இன்னும் பால் மறக்கவில்லை. அந்த ஒரு மகராசி இல்லாவிட்டால் என் பிள்ளை கதி என்ன என்று நினைக்க இன்னும் பயமாக இருக்கிறது.

வார்டில் சேர்க்கிற கிளார்க் குனிந்தபடியே, "பேரு?" என்றார். நான் "பிலோமினா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். செத்தால் கல்லறையில் இடம் கேட்க சூசை கோயிலுக்குப் போவார், அங்கே புத்தகத்தில் ராணி என்று யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று அந்த மனுஷன் பிணத்தை வைத்துக்கொண்டு அலையக் கூடாது. மரண பயத்திலும் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். இருபத்திமூன்று வயசில் நான் செய்த ஒரே முன்யோசனை அதுதான்.

பெண்கள் வார்டில் நாற்பது கட்டில், அறுபது பேர். மீதிப் பேர் தரையில் பாய். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ். பகலில் தங்கம் சிஸ்டர், கன்னியாகுமரிப் பக்கம். கூட ஆயா முனியம்மா. காலையில் இடுப்பில் ஒரு ஊசி, அப்புறம் கை நிறைய மாத்திரை. அதில் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு, அதைப் போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். யாரும் முன்னால் சொல்வதில்லை. புதிதாக வந்த ஒவ்வொருத்தியும் கக்கூஸில் இருந்து கத்திக்கொண்டு ஓடி வருவாள், பழையவர்கள் சிரிப்பார்கள். நானும் கத்தினேன், பிறகு நானும் சிரித்தேன். அந்தச் சிவப்பு மாத்திரைதான் அடிக்கடி ஸ்டாக் இல்லாமல் போகும். ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று டாக்டர் சொல்வார். ஸ்டோரில் இல்லை என்று சிஸ்டர் சொல்வார். இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அப்போதெல்லாம் சூசை வெளியே கடையில் வாங்கி வருவார், வாங்க முடியாதவர்கள் சும்மா படுத்திருப்பார்கள்.

நோயை விட எனக்குப் பெரிய வலி மார்பில் பால் கட்டியதுதான். மூன்றாம் நாள் கல்லாகிவிட்டது. பக்கத்து வார்டில் எந்தக் குழந்தையாவது அழுதால் போதும், ஜாக்கெட் நனைந்துவிடும். முனியம்மாதான் முதலில் பார்த்தது.

"இன்னாமே இது, இப்டி ஊறிப்போய் கீது? பாலை வத்த வைக்கணும்மே. இரு வரேன்."

வெளியே பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். பூவை மார்பில் வைத்து, கிழிந்த புடவைத் துண்டால் மூச்சு முட்டக் கட்டினாள். மல்லிகை கட்டினால் பால் வற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எனக்கும் தெரியும். பிள்ளை செத்துப் பிறந்தவர்களுக்குக் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

"அழுவாதமே. உம் புள்ள நல்லாத்தான் கீது. வத்துனா வத்திட்டுப் போவுது," என்றாள் முனியம்மா. ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. வலி போன அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சூசை வருவார். ஆண்களை உள்ளே விட மாட்டார்கள், கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாமே" என்பார், அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றி நான் கேட்பேன். அந்த மனுஷனிடம் பதில் வாங்குவது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி.

"எப்டி இருக்கா?"

"நல்லாத்தான் கீது."

"பல்லு வந்துச்சா?"

"பல்லா? வந்திருக்கும்."

"குப்புற உழறாளா?"

"உழும், உழும். எல்லாத்தையும் செய்யுது."

பொறுத்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சூசை மூலமாக எலிசாவிடம் வாராவாரம் இரண்டு நூல் அனுப்பச் சொன்னேன். வெள்ளை நூல் பிள்ளையின் உயரம், சிவப்பு நூல் மார்பளவு. சூசை அதைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்து, வலையின் ஓட்டை வழியாக நீட்டுவார். நான் கட்டிலில் நூலை நீட்டிப் போட்டு, போன வார நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அரை விரல்கடை வளர்ந்திருப்பாள். அந்த அரை விரல்கடையைத் தடவிக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டுவேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும், அவர்களில் இரண்டு பேர் பிறகு தங்கள் வீட்டிலும் நூல் கேட்டு அனுப்பினார்கள்.

இரண்டு மாசம் முடிந்தது. விடியற்காலையில் வெறும் வாயோடு இருமித் துப்பி டப்பாவில் சளி கொடுத்தேன். அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி தெரிந்தால் பாசிட்டிவ், தெரியாவிட்டால் நெகட்டிவ். வெளி உலகத்தில் இல்லை என்றால் வருத்தப்படுவார்கள், எங்கள் வார்டில் இல்லை என்றால் பாயசம் வைப்பார்கள். நெகட்டிவ் வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

டப்பா மேல் ஒட்டுகிற சீட்டை, என் கேஸ் தாளுக்குப் பின்னால் குத்தியிருந்த பழைய ஓ.பி. சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதில் இருந்த பெயர் ராணி. இது எனக்கு அப்போது தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து லேப் தாள் வந்தது. தங்கம் சிஸ்டர் வார்டு நடுவில் நின்று வாசித்தார். ஒவ்வொரு பெயராகக் காது கொடுத்தேன். பிலோமினா வரவில்லை. கடைசியில், "ராணி, நெகட்டிவ்," என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். எங்கள் வார்டில் ராணியம்மாள் என்று ஒரு வயசானவர் இருந்தார், முந்தின வாரம்தான் இறந்துபோயிருந்தார்.

"பாவம். போய்ச் சேந்தப்புறம் நெகட்டிவ் வருது பாரு," என்றார் சிஸ்டர்.

வார்டே உச்சுக்கொட்டியது. நான் சிலுவை போட்டு அந்த அம்மாவின் ஆத்துமாவுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். என் விடுதலைக் காகிதத்தை என் முன்னாலேயே வாசித்தார்கள், நான் அதற்கு இரங்கல் செபம் சொன்னேன். இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், எனக்கு?"

"உனக்கு வரலை. மறுபடி குடு. ரிசல்ட் இல்லாம அனுப்ப முடியாது, வீட்டுல கைப்பிள்ள இருக்குல்ல."

மறுபடி கொடுத்தேன். மறுபடியும் ராணி என்றே வந்தது. இந்தத் தடவை சிஸ்டர் வாசிக்கக்கூட இல்லை, "இப்படி ஒரு பேஷன்ட் இல்லை" என்று எழுதி, செத்துப்போனவளுக்கு மறுபடியும் வந்திருக்கிறது என்று முனியம்மாவிடம் கொடுத்து லேபுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அறுபது பேருக்கு ஊசி போட்டு, மருந்து கொடுத்து, செத்தவர்களுக்குக் காகிதம் எழுதுகிற ஒரு பெண்பிள்ளையை நான் என்ன சொல்ல? ஐந்து வாரம் ஓடியது. வெள்ளை நூல் நீண்டுகொண்டே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பி வலைக்கு வெளியே ஒரு குரல்.

"ராணீ! ஏ ராணீ!"

எலிசா. இடுப்பில் என் பிள்ளை. பின்னால் சூசை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிள்ளைகளைக் காம்பவுண்டுக்குள் விட மாட்டார்கள் என்று தெரிந்தும், எலிசா வாட்ச்மேனிடம் சண்டை போட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"ரெண்டு மாசம்னான், மூணு மாசம் ஆவுது. கேட்டா ரிசல்ட்டு வர்ல ரிசல்ட்டு வர்லங்கறான். நீ செத்துட்டியோ, எங்கிட்ட மறைக்கிறானோன்னு நெனச்சுட்டேன் ராணி. அதான் கண்ணால பாக்க வந்தேன்."

நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலில் நான் கட்டி வைத்திருந்த பிள்ளை வேறு, இவள் வேறு. நூலில் கன்னம் தெரியாது. "விமலா, விமலாக்குட்டி," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எலிசாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ம்மா," என்றாள். அவளை.

எலிசா பதறிப்போய், "அது எல்லாரையும் அப்டித்தான் சொல்லும், ஆட்டுக்குட்டியக்கூட ம்மாங்கும்," என்றாள். நல்லவள். பொய் சொல்லத் தெரியாது.

அப்போது என் பின்னால் துடைப்பம் விழுகிற சத்தம் கேட்டது. முனியம்மா.

"இன்னாமே, அந்தப் பொண்ணு யார ராணிங்குது? உன்னியா?"

"ஆமா. வீட்டுப் பேரு அதான்."

"அடிப் பாவி! அப்ப அந்தக் காய்தம் உன்துடி! செத்தவளுக்கு எப்டிமே ரெண்டாந்தபா சளி போவும்? நானும் ரோசன பண்ணிகினே கீறேன்!"

எழுதப் படிக்கத் தெரியாத முனியம்மாவுக்குத் தோன்றியது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஓடிப்போய் சிஸ்டரை இழுத்து வந்தாள். சிஸ்டர் என் கேஸ் தாளைத் திருப்பினார், பின்னால் குத்திய சீட்டைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பேரை மாத்திச் சொல்லலாமா? ஏன் சொன்னே?"

"செத்தா கோயில்ல அந்தப் பேருதான் கேப்பாங்க, சிஸ்டர்."

தங்கம் சிஸ்டரும் எங்களைப் போல வேதக்காரிதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் தானே லேபுக்கு நடந்து போய் இரண்டு ரிசல்ட்டையும் தேடி எடுத்து வந்தார். ஸ்டோரில் நின்று ஒரு மாச மாத்திரையும் சேர்த்து வாங்கி வந்தார். டாக்டர் டிஸ்சார்ஜ் தாளில் "பிலோமினா என்கிற ராணி" என்று எழுதினார். அந்த "என்கிற" என்ற வார்த்தையை முதல் நாளே யாராவது எழுதியிருந்தால் நான் ஐந்து வாரம் முன்னால் வீட்டில் இருந்திருப்பேன்.

வெள்ளானூருக்குப் போகாமல் நேரே திருமழிசைக்குப் போனேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது, அவளாக வரும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று எலிசா சொல்லிவிட்டாள். நான் தொட்டால் அழுவாள். நான் தூக்கினால் முதுகை வில்லாக வளைப்பாள். எலிசாவின் பையன்கூட என்னிடம் வந்தான், இவள் வரவில்லை. சும்மா அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன்.

பத்துப் பதினோரு நாள் இருக்கும். எலிசா குழாயடிக்குப் போயிருந்தாள். விமலா தூக்கக் கலக்கத்தில் எழுந்து, சுற்றிப் பார்த்து, தவழ்ந்து என்னிடம் வந்தாள். மடியில் ஏறினாள். முந்தானையை விலக்கி முகத்தால் முட்டினாள். ஜாக்கெட்டை அவிழ்த்தேன். சப்பினாள். ஒன்றும் வரவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சப்பினாள். பிறகு விட்டுவிட்டு, வீறிட்டு அழுதாள். எலிசா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளை வாங்கிக்கொண்டாள். ஏதோ திருடியவள் மாதிரி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவள் தோள் குலுங்கியது.

விமலா பிறகு என்னிடம் வந்தாள், வராமல் எங்கே போவாள். எலிசாவை அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தோம். அவள் அத்தம்மா என்றுதான் சொல்வாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டு முடித்தேன், உடம்பு தேறியது. ஆனால் வேறு பெயரைச் சொல்லி ஐந்து வாரத்தைத் தொலைத்தவள் நான்தான் என்கிற எண்ணம் மட்டும் போகவில்லை. கைப்பிள்ளையோடு யாராவது பஸ்ஸில் உட்கார்ந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. எங்கள் தெருவில் கலா என்று ஒரு பெண், நாலு மாசப் பிள்ளைக்காரி. அவளுக்கும் அதே இருமல். நான்தான் அழைத்துப் போனேன். அதே வரிசை, அதே பெஞ்சு, டாக்டர் மட்டும் புதுசு, மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். காசநோய்தான் என்றார். நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"பால் நிறுத்தணும், இல்லையா டாக்டர்? புள்ளையை எங்க விடறதுன்னு பாக்கணும்."

"எதுக்கு நிறுத்தணும்? நோய் பால்ல போகாது, இருமல்லதான் போகும். வாயும் மூக்கும் மூடற மாதிரி துணி கட்டிக்கிட்டு குடுக்கட்டும். குழந்தைக்கு நான் மாத்திரை தரேன். அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"முன்னெல்லாம் பிரிச்சு வைப்பாங்க, டாக்டர்."

"ஆமா, அப்ப அப்படித்தான் பண்ணிட்டிருந்தாங்க," என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தார். பின்னால் இன்னும் ஐம்பது பேர் நின்றார்கள்.

இத்தனை வருஷமும் நான் அந்த ஐந்து வாரத்துக்காக மட்டும் அழுதிருக்கிறேன். மூன்று மாசமும் வேண்டியிருக்கவில்லை. மல்லிகை வேண்டியிருக்கவில்லை, நூல் வேண்டியிருக்கவில்லை. ஒரு கைக்குட்டை போதுமாக இருந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் கலாவின் பிள்ளை பசியில் கத்தியது. அவள் மார்பை மூடிக்கொண்டு பிள்ளையைத் தூரப் பிடித்திருந்தாள்.

"நெஜமாவே குடுக்கலாமாக்கா? எனக்கு பயமா கீது."

என் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தில் கட்டினேன். பின்னால் இரண்டு முடிச்சு போட்டேன். "குடு," என்றேன். பிள்ளை வாய் வைத்தது. அழுகை நின்றது. அது விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏங்க்கா அழுவுற?" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல. வயிறு ரொம்பட்டும். அந்தப் பக்கமும் குடு."